முதல் பந்திக்குள் தீர்ப்பு: ஒரு தமிழ்ப்படம் திரைக்கு வரும் வழி

கல்யாணச் சமையலைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சினிமா வியாபாரம் சட்டென்று பிடிபடும். சமையலை ஒப்புக்கொண்டு மளிகைக்குக் கடன் சொல்பவர் தயாரிப்பாளர். கரண்டி பிடிப்பவர் இயக்குநர். அண்டாவை வண்டியேற்றி மண்டபம் மண்டபமாகக் கொண்டுசேர்ப்பவர் விநியோகஸ்தர். இலை போட்டுப் பரிமாறுபவர் தியேட்டர்காரர்.

படப்பிடிப்புதான் சமையல் என்று பலரும் நினைக்கிறோம். அது காய்கறி வாங்கும் வேலை. எடிட்டிங்கில் நறுக்கி, டப்பிங், பின்னணி இசை, மிக்ஸிங் என்று அடுப்பில் ஏற்றிய பிறகே ருசி தெரியும். அப்போது ஏதாவது குறைந்தால் மறுபடி சந்தைக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்குத்தான் கோடம்பாக்கத்தில் ‘பேட்ச் ஒர்க்’ என்று பெயர். முடிந்ததும் தணிக்கை. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் இல்லாத படத்தைத் திரையிட முடியாது.

அண்டாவை யார் எடுத்துப்போவது என்பது ஏரியா கணக்கு. செங்கல்பட்டு, வட ஆற்காடு - தென் ஆற்காடு, மதுரை - ராமநாதபுரம், திருச்சி - தஞ்சாவூர், கோவை, சேலம், திருநெல்வேலி - கன்னியாகுமரி, சென்னை நகரம். மாவட்டங்கள் எத்தனையோ முறை பிரிந்தும் விநியோகத்தில் பழைய எல்லைகளே நிற்கின்றன. ‘எம்.ஜி.’ முறையில் எடுப்பவர் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் தருகிறார். வசூல் அதைத் தாண்டினால் மிச்சத்தில் இருவருக்கும் பங்கு. தாண்டாவிட்டால் நஷ்டம் அவருடையது. ‘அவுட்ரைட்’ என்றால் உரிமையை மொத்தமாக வாங்கிவிடுவது. வெறும் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்றால் கமிஷனுக்குக் கொண்டுசேர்ப்பது; வசூலாகாத முன்பணத்தைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். படம் ஓடாதபோது யார் தலையில் விழும் என்பதைத்தான் இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன.

ஃபிலிம் காலத்தில் பெட்டி வந்தால்தான் படம். ஒரே பிரிண்டை வைத்துக்கொண்டு இரண்டு தியேட்டர்கள் ஓட்டியபோது, ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டி அடுத்த தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். இன்று பூட்டிய அண்டா ஹார்ட் டிஸ்கிலோ இணையம் வழியாகவோ முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். சாவி தனியாக வரும். அதைக் கேடிஎம் என்கிறார்கள். குறிப்பிட்ட தியேட்டரின் கருவியில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கும் சாவி அது. பணம் போட்டவர்களின் பிடி இங்கேதான் இருக்கிறது. மாதாமாதம் ஏறிய வட்டியும் முந்தைய படத்தின் பாக்கியும் வெளியீட்டுக்கு முதல்நாள் இரவில் வந்து நிற்கும். கணக்கு தீரும்வரை சாவி வராது. காலைக் காட்சி ரத்து என்று அறிவிப்பு ஒட்டப்படுவதற்குப் பல சமயம் இதுவே காரணம். வாசலில் நிற்கும் ரசிகருக்கு யாரும் அதை விளக்குவதில்லை.

இந்த டிஜிட்டல் திரையிடலுக்கான கட்டணம் யார் பொறுப்பு என்ற சண்டையில்தான் 2018 மார்ச் 1 முதல் ஏறக்குறைய ஏழு வாரம் புதிய தமிழ்ப்படங்கள் வெளிவராமல் இருந்தன.

பரிமாறும் இடத்தில் பங்கு வாரத்துக்கு வாரம் மாறும். முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பக்கம் கூடுதல். போகப்போகத் தியேட்டர் பக்கம் ஏறும். ஆனால் இரண்டாம் வாரத்தைப் பார்க்கிற படங்கள் சில மட்டுமே. வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்துத் திங்கட்கிழமையே காட்சிகளைக் குறைக்கிறார்கள். பெரிய நட்சத்திரம் அந்த மூன்று நாளில் அரங்கை நிரப்பிவிடுவார். வாய்வழியாகப் பரவ வேண்டிய சின்னப் படத்துக்கு அந்த மூன்று நாள் போதாது. நல்லாயிருக்காம் என்ற பேச்சு நம்மை எட்டும்போது இலையை எடுத்திருப்பார்கள். பிறகு சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடும் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் தியேட்டரில் ஓடாத சின்னப் படத்தை வாங்க ஓடிடி நிறுவனங்களும் தயங்குகின்றன. சமைத்தவர் தோற்றது சமையலால் அல்ல, நேரத்தால். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

புதிய இயக்குநர் ஒருவரின் படத்தைப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் தள்ளிப்போடாதீர்கள். ஞாயிறு இரவுக்குள் பார்த்துவிடுங்கள்.