ஒரே பெயரில் பல இயக்கங்கள்: மந்தமான கணிப்பொறியில் எதைச் சந்தேகிப்பது?

பள்ளியிலோ வட்டார அலுவலகத்திலோ உள்ள கணிப்பொறி மந்தமாகும்போது, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி ‘டாஸ்க் மேனேஜர்’ பட்டியலைத் திறந்து பார்ப்பவர் பலர். விண்டோஸ் பொறியாயின், அதன் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘எஸ்.வி.சி.ஹோஸ்ட்’ என்னும் பெயர் ஐம்பது, அறுபது வரிகளில் வருவதுண்டு. இது நச்சுநிரலே என்று முடிவுகட்டி ஒவ்வொன்றாக நிறுத்த முற்படுவது ஆபத்தான வைத்தியம் ஆகும். சிலவற்றை நிறுத்தினால் வலைத்தொடர்பு அறுபடும். வேறு சிலவற்றை நிறுத்தினால் நீலத்திரை தோன்றிப் பொறியே நின்றுவிடும். சேமித்து வைக்காத மதிப்பெண் பட்டியலும் கள அளவைக் குறிப்பும் அத்துடன் போய்விடும்.

இப்பெயருடையது, ஒலி, வலைத்தொடர்பு, தன்னியக்கப் புதுப்பிப்பு முதலிய பின்னணிச் சேவைகளைத் தாங்கி நிற்கும் கலம் போன்றது. முன்னாளில் ஒரே கலத்தில் பல சேவைகள் குடியிருந்தன. ஒன்று பழுதுபட்டால் உடனிருந்தவையும் வீழ்ந்தன. 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பிப்பு முதல், 3.5 கிகாபைட்டுக்கு மேல் நினைவகமுள்ள பொறிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனிக் கலம் தரப்படுகிறது. இதனால் நினைவகம் சற்று அதிகம் செலவாகும். ஆனால் பொறியை இழுத்துப் பிடிப்பது எந்தச் சேவை என்பது தெரிந்துவிடும். அந்த லாபம் பெரிது. 2008-இல் வெளிவந்த குரோம் உலாவியும் இவ்வாறே பல இயக்கங்களாகப் பிரிந்து நிற்பது.

கூட்டம் பெருகினால் கள்ளனுக்கும் ஒளிய இடம் உண்டு. ஆதலின் எண்ணிக்கையை விட்டு, இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும். பெயரின்மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, கோப்பின் இருப்பிடத்தைத் திறக்கும் கட்டளையைத் தேர்க. மெய்யான நிரல் வழக்கமாக விண்டோஸ் உறையினுள் ‘சிஸ்டம்32’ என்னும் உறையில் இருக்கும். தற்காலிகக் கோப்புகளின் உறையிலோ பென்டிரைவிலோ இருப்பின் அது போலி. எழுத்துகளையும் கூர்ந்து நோக்குக: ‘வி’, ‘சி’ இரண்டும் இடம் மாறியிருக்கும், அல்லது ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்திருக்குமிடத்தில் பூஜ்யம் அமர்ந்திருக்கும்.

‘எல்.எஸ்.ஏ.எஸ்.எஸ்.’ என்பதன் கதை நேர்மாறானது. உள்நுழைவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அது ஒன்றே ஒன்றுதான் இருத்தல் வேண்டும். இரண்டாவது தென்பட்டால் ஐயமுறத் தகும். ‘சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ்.’ இரண்டாக இருப்பதோ இயல்பே.

இச்சோதனைகளுக்கும் எல்லை உண்டு. 2008-இல் பரவத் தொடங்கிய ‘கான்ஃபிக்கர்’ நச்சுநிரல், மெய்யான கலத்தினுள்ளேயே புகுந்து இயங்கியது. பெயரும் இருப்பிடமும் குற்றமற்றவையாகவே தோன்றின. எனவே, யாதொரு வேலையும் இல்லாதபோதும் மையச் செயலகத்தின் பளு தணியாமல் நின்றால், வலைத்தொடர்பைத் துண்டித்து, அப்பொறியில் செருகிய பென்டிரைவை வேறெதிலும் செருகாமல், ‘மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்’ தரும் ‘ஆஃப்லைன்’ சோதனையை நடத்துக. விண்டோஸ் முழுமையாக எழுமுன்பே அச்சோதனை நடைபெறும். 2017-இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’வும் துப்புரவுக் கருவிகளை இலவசமாக அளிக்கிறது.

அதிலும் ஒன்றும் அகப்படாவிடில், ‘டிஸ்க்’ பத்தியைக் காண்க. அது இடைவிடாமல் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால், சுழலும் பழைய வன்தட்டே தாமதத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே அதனை மாற்றுதல் வேண்டும்.