வெளிநாட்டு ஆண்டு (மொழிக் கல்வி)

வெளிநாட்டு ஆண்டு என்பது, பிரெஞ்சு, ஜெர்மன், எசுப்பானியம் போன்ற அயல்மொழி ஒன்றைப் பட்டப்படிப்பாகப் பயிலும் மாணவர், அம்மொழி பேசப்படும் நாட்டில் வாழ்ந்து கழிக்கும் ஒரு கல்வியாண்டு ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தில் மொழிப் பட்டப்படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள் கொண்டது. அதில் மூன்றாம் ஆண்டு வெளிநாட்டில் கழிகிறது. அங்கு மாணவர் பல்கலைக்கழகமொன்றில் படிக்கலாம், பள்ளியில் மொழி உதவியாளராகப் பணியாற்றலாம் அல்லது நிறுவனமொன்றில் பணிப்பயிற்சி பெறலாம்.

இக்கட்டுரை பின்னிரண்டு வழிகளையும் அவற்றுக்கான தங்குமிட ஏற்பாட்டையும் பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. வேலையும் வீடும் இருவேறு ஏற்பாடுகள் போலத் தோன்றினாலும், ஒன்றன் ஆவணம் மற்றொன்றுக்குத் தேவைப்படுகிறது. எது முதலில் வரவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். இவ்வரிசை பிசகினால் கிடைத்த வேலையும் கைநழுவக்கூடும்.

பின்னணி

ஐரோப்பிய நாடுகளிடையே மாணவர் பரிமாற்றத்துக்கான எராசுமசு திட்டம் 1987 இல் தொடங்கியது. ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, அதன் குடிமக்கள் ஒன்றிய நாடுகளில் விசா இன்றி வசிக்கவும் வேலை செய்யவும் முடிந்தது. 2020 டிசம்பர் 31 உடன் இவ்வுரிமை முடிவுற்றது. எராசுமசு திட்டத்திலிருந்தும் அந்நாடு விலகியது. மாற்றாக, கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங்கின் பெயரில் 2021 இல் ஒரு நிதியுதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 2027 இல் எராசுமசு திட்டத்தில் மீண்டும் சேர்வதற்கான உடன்பாடு 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. எனினும் இது படிப்புக்கும் பயிற்சிக்குமான உதவி பற்றியதே. விசா விதிகள் இதனால் தாமாக நீங்கிவிடா.

ஐக்கிய இராச்சியக் குடிமக்கள் செங்கன் பகுதியில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் மட்டுமே விசா இன்றித் தங்கலாம். அதுவும் சுற்றுலா போன்ற குறுகிய பயணத்துக்கே பொதுவாகப் பொருந்தும். அயர்லாந்து அல்லது வேறோர் ஒன்றிய நாட்டின் கடவுச்சீட்டு உடைய மாணவருக்கு இத்தடை இல்லை. ஒரே வகுப்பில் பயிலும் இருவருக்கு, மொழித்திறன் சமமாக இருந்தாலும் வாய்ப்பு சமமாக இல்லாமற் போவதற்கு இதுவே காரணம்.

பணி வகைகள்

மொழி உதவியாளர்: பிரித்தானிய மாணவர்களுக்கு இப்பணியைப் பிரித்தானியக் கவுன்சில் ஒழுங்கு செய்கிறது. பிரான்சில் உதவியாளர் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஏழு மாதங்கள், வாரம் 12 மணி நேரம் ஆங்கில வகுப்புகளுக்கு உதவுகிறார். இதற்கு உதவித்தொகை உண்டு. ஆனால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது பெரும்பாலும் கோடையில்தான் தெரியவரும். ஆகையால் வீடு தேடும் காலம் குறுகிவிடுகிறது. சில பள்ளிகள் தம் வளாகத்திலேயே அறை தருகின்றன. பணியமர்த்தல் கடிதம் வந்தவுடன் பள்ளிக்கு எழுதி இதைக் கேட்டறிவது வழக்கம்.

பணிப்பயிற்சி: மொழிபெயர்ப்பு நிறுவனங்கள், சுற்றுலா அலுவலகங்கள், ஏற்றுமதிப் பிரிவுகள் முதலியவற்றில் மாணவர் பயிற்சியாளராகச் சேர்கின்றனர். தன்விவரக் குறிப்பையும் விண்ணப்பக் கடிதத்தையும் அந்நாட்டு மொழியிலேயே எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்குவது நலம். வேலையை மாணவரே தேடிக்கொண்டாலும், அது படிப்பின் பகுதியாக ஏற்கப்பட அவருடைய பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் தேவை.

ஆவணங்களின் வரிசை

பிரான்ஸ்: இங்கு பணிப்பயிற்சி ஒப்பந்தமே முதற்படி. இது மாணவர், பல்கலைக்கழகம், நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஆவணமாகும். கல்வி நிறுவனத்தில் பதிவு பெறாதவருக்கு இவ்வொப்பந்தம் கிடையாது. ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் பயிற்சி பெற இயலாது. எனவே முழு ஆண்டையும் பயிற்சியில் கழிக்க விரும்புவோர் இரு நிறுவனங்களைத் தேட நேரிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவராயின், ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு அரசின் ஏற்பிசைவு பெற்ற பின்னரே பயிற்சியாளருக்கான நீண்டகால விசா கோர முடியும். இதற்கு வாரங்கள் பல ஆகும். பிரான்சு சென்றபின் மூன்று மாதங்களுக்குள் விசாவை இணையவழியில் உறுதிப்படுத்தவும் வேண்டும்.

ஜெர்மனி: இங்கு வரிசை ஏறத்தாழத் தலைகீழானது. ஐக்கிய இராச்சியக் குடிமகன் விசா இன்றி நாட்டினுள் நுழைந்து, அங்கேயே வதிவிட அனுமதி கோரலாம். ஆனால் அனுமதி கிடைக்குமுன் வேலையைத் தொடங்க இயலாது. அனுமதி பெற முகவரிப் பதிவு தேவை. குடிபுகுந்த இரு வாரங்களுக்குள் செய்ய வேண்டிய இப்பதிவுக்கு, வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் உறுதிச் சான்று தேவை. ஆகவே வீடு, பதிவு, அனுமதி, வேலை என்பதே வரிசை. சான்று தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவாக இருப்பினும் பயன்படாது.

தங்குமிடம்

பிரான்சில் வீட்டு உரிமையாளர் பலர், அந்நாட்டில் வசிக்கும் பிணையாளர் ஒருவரைக் கேட்கின்றனர். வெளிநாட்டு மாணவருக்கு இது பெரும் தடையாகும். இதற்குத் தீர்வாக விசால் எனும் கட்டணமில்லாப் பிணைத் திட்டம் உள்ளது; 18 முதல் 30 வயது வரையுள்ளோர் உரிய விசாவுடன் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2018 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாணவர், பயிற்சியாளர் போன்றோருக்கெனக் குறுகிய கால வாடகை ஒப்பந்தத்தை ஏற்படுத்தியது. இது தளபாடமுள்ள வீடுகளுக்கு உரியது. ஒன்று முதல் பத்து மாதங்கள் வரை செல்லும். இதில் முன்வைப்புத் தொகை கேட்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

ஜெர்மனியில் பலர் கூட்டுக் குடியிருப்புகளில் அறை எடுக்கின்றனர். அங்கு ஏற்கனவே வசிப்போர் புதியவரை நேரில் அல்லது காணொளியில் பேசிப் பார்த்தே சேர்ப்பர். விளம்பரங்களில் காணப்படும் 'குளிர் வாடகை' என்பது வீட்டுக்கு மட்டுமான தொகை. 'சூட்டு வாடகை' என்பது வெப்பமூட்டல், நீர் முதலிய செலவுகளும் சேர்ந்தது. வாடகைகளை ஒப்பிடுகையில் எது எது என்று நோக்குதல் வேண்டும். முன்வைப்புத் தொகை மூன்று மாதக் குளிர் வாடகையை மீறக்கூடாது. அதை மூன்று தவணைகளில் செலுத்தவும் சட்டம் இடமளிக்கிறது.

முதியோர் வீட்டில் தங்குவதும் ஒரு வழி. ஜெர்மனியில் 'உதவிக்கு உறைவிடம்' எனும் ஏற்பாட்டின்படி, அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர வீட்டுதவி என்ற கணக்கில் வாடகை ஈடு செய்யப்படுகிறது. பிரான்சிலும் 30 வயதுக்குட்பட்டோர் 60 வயதுக்கு மேற்பட்டோருடன் குறைந்த செலவில் வசிப்பதைச் சட்டம் ஏற்கிறது.

மோசடிகள்

நேரில் பாராமல் வீடு தேடுவோரை ஏமாற்றும் முறை பெரும்பாலும் ஒன்றே. வாடகை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருக்கும். உரிமையாளர் தாம் வெளிநாட்டில் இருப்பதாகக் கூறுவார். முன்பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாக வாக்களிப்பார். இதில் பணம் மட்டுமின்றி, நம்பி அனுப்பிய கடவுச்சீட்டின் நகலும் பறிபோகிறது. முதல் இரு வாரங்களுக்கு இளைஞர் விடுதியொன்றில் தங்கி, வீட்டை நேரில் பார்த்தபின் பணம் செலுத்துவது பாதுகாப்பானது. ஆயினும் விடுதி முகவரியைக் கொண்டு பதிவு செய்ய முடியுமா என முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

செலவு

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் முழு வெளிநாட்டு ஆண்டுக்கு, உச்சக் கல்விக் கட்டணத்தில் 15 சதவீதம் வரை மட்டுமே பெறலாம். பிரான்சில் இரு மாதங்களுக்கு மேற்பட்ட பயிற்சிக்கு ஊக்கத்தொகை தருவது கட்டாயம். இதன் குறைந்த அளவு 2025 இல் மணிக்கு 4.35 யூரோ, முழுநேரப் பயிற்சியில் இது மாதம் ஏறத்தாழ 600 முதல் 670 யூரோ ஆகிறது. பாரிசில் ஓர் அறையின் வாடகையே இதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஜெர்மனியில் 2015 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம், படிப்பின் கட்டாயப் பகுதியான பயிற்சிக்குப் பொருந்தாது. இதனால் ஊதியமே இல்லாத இடங்களும் உள்ளன. முதல் ஊதியம் கைக்கு வருமுன் விசாக் கட்டணம், பயணம், முன்வைப்பு, முதல் மாத வாடகை ஆகியன செலுத்தப்பட வேண்டும். ஆண்டின் மொத்தச் செலவைவிட இத்தொடக்கச் செலவே வசதி குறைந்த மாணவரைத் தடுக்கிறது.

மொழிப் பயன்

ஆங்கிலம் தெரிந்தவர் என்பதற்காகவே பயிற்சியாளரைச் சேர்க்கும் நிறுவனத்தில், நாள் முழுதும் ஆங்கில மின்னஞ்சல் எழுதுவதே பணியாகிவிடலாம். மொழி உதவியாளரின் பணியோ ஆங்கிலம் பேசுவதே. இத்தகையோருக்கு மொழி வளர்வது அலுவலகத்தில் அன்று, வீட்டில்தான். ஆகவே உள்ளூர் மக்களுடன் பகிரும் சமையலறை, தங்குமிடத் தேர்வில் வாடகைக்கும் தொலைவுக்கும் இணையாகக் கருதத்தக்கது.