தண்ணீர் பாட்டில் என் கையில்தான் இருந்தது!

நான் பத்தாவது வரை படித்தவள். மளிகை லிஸ்ட்டும் பால் கணக்கும் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும், ஊர் விட்டு ஊர் போய் நான் மானம் போக நின்ற கதையை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் மனசு ஆறாது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2023 மே மாதம் அமெரிக்கா போயிருந்தோம். அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் பக்கத்தில் என் நாத்தனார் குடும்பம் இருக்கிறது. மகள் வீட்டை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. தனியாக அனுப்பப் பயம். அவருடைய பி.எஃப். பணம் கொஞ்சம், என் ஏலச்சீட்டுப் பணம் கொஞ்சம் போட்டு, பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு எல்லோருமே கிளம்பிவிட்டோம்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு கிராண்ட் கேன்யன் பார்க்காம போறதா?" என்று அண்ணன்தான் ஆரம்பித்தார். (நாத்தனார் கணவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.) முதல் நாளே புறப்பட்டு ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரில் தங்கி, மறுநாள் விடிகாலை காரில் கிளம்பினோம்.

கொலராடோ என்ற ஆறு பல லட்சம் வருடங்களாகப் பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இருபதுக்கு மேல் அடுக்கினால்தான் அடியிலிருந்து விளிம்புக்கு எட்டும் என்று என்னவர் கணக்குப் போட்டுச் சொன்னார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஆறு கண்ணுக்கே தெரியவில்லை. சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாய் பாறை, அதற்குள் பாறை, அதற்குள்ளும் பாறை... மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

தெற்கு விளிம்பில் 'பிரைட் ஏஞ்சல்' பாதை தொடங்கும் இடத்துக்குப் போனோம். ஆறு வரைக்கும் நடந்தே இறங்குகிற பாதை இது. அங்கே இருந்த கூட்டத்தைப் பார்த்தால் நம் ஊர் கிருத்திகை மாதிரி இருந்தது. முதுகில் மூட்டை, கையில் கோல், தொப்பி, கைக்குழந்தையைக்கூட முதுகில் கட்டிக்கொண்டு ஆட்கள். 'ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயலாதீர்கள்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வெயிலில் வாடி வதங்கி விழுந்த ஆளின் படம் வேறு. "நாம எங்கே ஆத்துக்குப் போகப் போறோம், சும்மா கொஞ்ச தூரம்தானே" என்று அண்ணன் சொல்ல, முழங்கால் வலிக்கிற மாமியாரையும் துணைக்கு நாத்தனாரையும் மேலே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என்னவர், அண்ணன், நாத்தனாரின் பதினாலு வயது மகள், என் பையன், நான் என்று ஐந்து பேர் இறங்கினோம்.

பழனியானாலும் திருப்பதியானாலும் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். முடியவில்லையென்றால் பாதியில் திரும்பிவிடலாம், இறக்கம்தான். இங்கே எல்லாம் தலைகீழ். தெம்பாய் இருக்கும்போது இறங்குகிறோம், கால் ஓய்ந்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பம். இறங்குகிற ஒவ்வொரு மணிக்கும் ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இறங்கும்போது என்ன சுகம் தெரியுமா? ஜிலுஜிலுவென்று காற்று. பாறையைக் குடைந்த ஒரு சுரங்க வழி, கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாய் ஆட்களைச் சுமந்து ஏறி வந்தன. அவை வந்தால் நாம் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கிப் பேசாமல் நிற்க வேண்டும். நடுவழியில் அந்தக் கழுதைகளை நிறுத்தினார்கள். எதற்கென்று பார்த்தால் சிறுநீர் கழிக்க! பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

சிரித்தேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தோழிகளே, உங்களில் எத்தனை பேர் வெளியூர் கிளம்புகிற அன்றைக்குத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? நான் குடிக்க மாட்டேன். பஸ் ஏறுகிற நாளில் "தண்ணி குடிச்சுத் தொலைக்காதே, எங்கேடி ஒதுங்குவே?" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் பெண்கள் கழிவறையில் தண்ணீர் வராது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். வாங்கிப் போன தண்ணீர் அப்படியே திரும்பி வரும். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்ட டாக்டரம்மா திட்டினார்கள். அப்போதும் திருந்தவில்லை. அமெரிக்காவில் போகிற இடமெல்லாம் சுத்தமான கழிவறை இருக்கிறது, பாதை ஆரம்பிக்கிற இடத்திலும் இருக்கிறது. ஆனால் பழக்கம் விடுகிறதா? விடிகாலை கிளம்பும்போது டீகூட அரை டம்ளர்தான். அதற்கப்புறம் பாட்டிலைத் திறந்தது எல்லாம் பையனுக்கு ஊற்றத்தான்.

ஒன்றரை மைல் தூரத்தில் கல்லால் கட்டிய ஒரு ஓய்வு மண்டபம் இருக்கிறது. 1930-களில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வேலை கொடுத்து அந்த அரசாங்கம் கட்டியது. குடிநீர்க் குழாய், கழிவறை, ஆபத்துக்கு ஒரு டெலிபோன் எல்லாம் உண்டு. விளிம்பிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடி இறங்கியிருந்தோம். கழிவறை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை, பாதி ஆண்கள். நடுவில் போய் நிற்க எனக்குக் கூச்சம். "மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பாட்டில்களை நிரப்பிக்கொண்டார்கள். "நீ நிரப்பலையா?" என்று என்னவர் கேட்டார். "இதுல இருக்குங்க" என்றேன். இருந்தது, நிஜம்தான்.

ஏற ஆரம்பித்தபோது மணி பதினொன்று இருக்கும். நாலு வளைவு ஏறியிருப்பேன். நெஞ்சு படபடத்தது. கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிப் பிடித்தது. வியர்வையே இல்லை, ஆனால் உடம்பு கொதித்தது. முன்னால் போகிறவர்களைக் கூப்பிட வெட்கம், நம்மால் எல்லோருக்கும் தொந்தரவு என்று. சுவரைப் பிடித்துக்கொண்டே போனவள் ஒரு பாறையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கண் இருட்டிவிட்டது. "அம்மா! அம்மா!" என்று பையன் கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நல்ல காலம், அந்தப் பாதையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கிற உதவி ஆட்களில் ஒரு பெண்மணி வந்துவிட்டார். 1996 கோடையில் வெயில் தாங்காமல் அங்கே பலர் இறந்துபோக, மறு வருடமே இப்படி ஒரு ஏற்பாடு செய்தார்களாம். விழுந்த பிறகு தூக்குவதைவிட, விழுவதற்கு முன்னால் தடுத்து நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. ஐம்பது வயதிருக்கும். பெரிய தொப்பி, பெரிய பை. என்னை நிழலுக்கு நகர்த்தி, துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். எனக்குப் புரியவில்லை. நாத்தனார் மகள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அத்தை, காலைலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்கன்னு கேக்கறாங்க."

நான் பேசவில்லை.

"அத்தை... கடைசியா எப்போ பாத்ரூம் போனீங்க? என்ன கலர்ல இருந்துச்சுன்னு கேக்கறாங்க."

பக்கத்தில் அண்ணன் நிற்கிறார். என்னவர் நிற்கிறார். வழியோடு போகிறவர்கள் பார்க்கிறார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஏற்கெனவே பிளந்துதான் கிடக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் போதும்! கடைசியில் அந்தப் பெண்ணின் காதில் சொன்னேன். "விடிகாலைல போனது. மஞ்சளா இருந்துச்சு. தண்ணி குடிக்கல."

அவள் சொன்னதும் அந்தப் பெண்மணி ஆச்சரியப்படவே இல்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அங்கே வருகிற பெண்கள் நிறையப் பேர் இப்படித்தானாம். ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கி, மடக் மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். நம் ஊர் உப்பு சர்க்கரைக் கரைசல் ருசிதான். கூடவே உப்பு பிஸ்கட். வெறும் தண்ணீரையே ஓயாமல் குடித்தாலும் உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வரை கொண்டுபோய் விடுமாம், அதனால் உப்புத் தின்பண்டம் கட்டாயமாம். மாமியார் எங்களுக்காகச் சுட்ட தட்டை ஒரு டப்பா நிறைய காரிலேயே கிடந்தது. விளிம்பே கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடி, காற்றில் ஈரம் கிடையாது, வியர்க்கிற வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் போவதே தெரியாது என்றும், ஆயிரம் அடி இறங்க இறங்க மூன்று டிகிரி வெப்பம் கூடிக்கொண்டே போகும் என்றும் சொன்னார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில்தான் ஏற வேண்டும், பேச முடியவில்லையென்றால் நில் என்றார்.

ஒரு மணி நேரம் உட்காரவைத்துத்தான் விட்டார். அந்த ஒன்றரை மைலை ஏறி முடிக்க எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. என்னவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேலே பாதை முகப்பில் கோல்ப் ஸ்டுடியோ என்ற பழைய வீடு ஒன்று பள்ளத்தின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கோல்ப் சகோதரர்கள் என்று இரண்டு பேர், நூறு வருடங்களுக்கு முன்னால் கழுதை மேல் இறங்குகிறவர்களை அங்கிருந்து போட்டோ எடுத்து விற்றார்களாம். படத்தைக் கழுவ விளிம்பில் தண்ணீர் கிடையாது. தம்பி எமரி என்பவர் நாலரை மைல் கீழே ஊற்று இருந்த இடத்துக்கு ஓடி, அங்கே படத்தைக் கழுவி, சவாரிக்காரர்கள் திரும்புவதற்குள் மறுபடி மேலே ஓடி வந்துவிடுவாராம். ஒன்றரை மைலுக்கே எனக்கு உயிர் போயிற்று! அவருடைய மனைவி பிளாஞ்சும் அதே வீட்டில்தான் குடித்தனம் செய்து மகளை வளர்த்திருக்கிறார். தண்ணீர் இல்லாத இடத்தில் குழந்தைத் துணியை எப்படித் துவைத்திருப்பாள் என்று எனக்கு யோசனை ஓடியது. அந்த நாளில் விளிம்பில் இருந்தவர்களுக்கு 190 கிலோமீட்டர் தள்ளியிருந்து ரயிலில்தான் தண்ணீர் வந்ததாம். 1932-ல்தான் கீழே ஊற்றிலிருந்து மேலே பம்ப் செய்ய ஆரம்பித்தார்கள்.

தண்ணீர் ரயில் எனக்குப் புதுசா? நான் வில்லிவாக்கத்துக்காரி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு எங்கள் ஸ்டேஷனுக்குத்தான் முதல் தண்ணீர் ரயில் வந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்கள் அவை. அப்படிக் காத்திருந்தவள், கையில் நிறைந்த பாட்டிலை வைத்துக்கொண்டு மயங்கி விழுந்திருக்கிறேன்!

அந்த ஊற்றுப் பக்கம் தோட்டம் போட்டுப் பிழைத்த ஹவசுபாய் என்ற பூர்வகுடி மக்களை 1928-ல் வெளியேற்றிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022-ல்தான் அந்த இடத்துக்கு அவர்கள் பெயரையே வைத்தார்களாம். இன்னொரு கூத்து: அதே 1928 வரை அந்தப் பாதையில் இறங்க ஒரு டாலர் வரி வசூல். வரி போட்ட புண்ணியவான், பாதி வழியில் குடிதண்ணீருக்கும் கழிவறைக்கும் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார். ஹூம்... எந்த ஊரானாலும் பிழைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

எங்களைக் கண்டதும் நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டார். நான் மாமியாரிடம் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், ஆண்கள் காபி வாங்கப் போனதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"நானும் காலைலேர்ந்து ஒரு வாய் குடிக்கலடி. இந்தக் காலை வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் கக்கூசுக்கு எப்படிப் போறதுன்னுதான்..."

உதடு வெடித்திருந்தது அவருக்கு. அதுவரை நான் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த நாத்தனாரும் கவனிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து கொடுத்து, அரை மணி கழித்து நானும் நாத்தனாருமாய் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனோம். அங்கேயும் வரிசைதான். நின்றோம்.

போன பொங்கலுக்கு ஊருக்கு ராத்திரி பஸ்ஸில் போனோம். இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டேன், குடிக்கவும் செய்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் எழுந்து போய் டிரைவரிடம், "அண்ணே, லேடீஸ் பாத்ரூம் இருக்கற இடமாப் பார்த்து நிறுத்துங்க" என்றேன். கண்டக்டர் என்னை முறைத்தார். ஆனாலும் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒன்பது பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என்னவர் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

- ஒரு வாசகி, வில்லிவாக்கம், சென்னை.