கொண்டை நிற்பது எதனால்?

"கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிவாள்" என்பது பழமொழி. நீண்டு அடர்ந்த கூந்தல் உடையவர்களைக் கேட்டால், அள்ளுவது எளிது, முடிந்தது நிற்பதுதான் கடினம் என்பார்கள். காலையில் போட்ட கொண்டை பத்து மணிக்குள் பிடரியில் சரிகிறது. அதற்கு அஞ்சி இறுக்கி முடிந்தாலோ நண்பகலுக்குள் தலை வலிக்கிறது. மாலையில் கொண்டையை அவிழ்த்த பிறகுதான் நிம்மதி வருகிறது. கனத்த கூந்தல் என்றால் இந்த வலி இருக்கத்தான் செய்யும் என்று பலரும் பொறுத்துக் கொள்கிறார்கள்.

அப்படிப் பொறுத்துக் கொள்ளத் தேவையில்லை. இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு. கொண்டையை நிறுத்தி வைப்பவை மூன்று: உராய்வு, சுற்றுகளின் எண்ணிக்கை, எடை பரவியிருக்கும் விதம். இம்மூன்றையும் அறிந்து முடிந்தால், தளர்வாகப் போட்ட கொண்டையும் நாள் முழுவதும் நிற்கும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

கூந்தலின் எடை எவ்வளவு?

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒரு முடியின் குறுக்களவை 0.07 மி.மீ. எனக் கொள்வோம். முடி என்பது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் அடர்த்தி நீரைப்போல் 1.3 மடங்கு. இதன்படி ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு முடியின் எடை ஏறத்தாழ 5 மில்லிகிராம் ஆகும். ஒரு இலட்சம் முடிகளும் அதே நீளம் என்றால் மொத்தம் அரைக் கிலோ வரும். ஆனால் முடி மாதத்திற்கு ஒரு செ.மீ. அளவே வளர்கிறது. ஒரு மீட்டர் வளர ஏழெட்டு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் பல முடிகள் உதிர்ந்து புதியவை முளைத்திருக்கும். ஆகவே எல்லா முடியும் நுனிவரை வருவதில்லை. நம் கணக்குக்கு அரைக் கிலோவில் பாதியை, அதாவது 250 கிராமை, எடுத்துக் கொள்ளலாம்.

தலைக்குக் குளித்த உடன் இந்த எடை கூடுகிறது. முடி தன் எடையில் 30 சதவீதம் வரை நீரை உள்ளே உறிஞ்சக் கூடியது. முடிகளுக்கு இடையே தங்கும் நீர் தனி. சவுரி வைத்துப் பின்னினாலும், பூச்சரம் சூடினாலும் சுமை இன்னும் ஏறும்.

வலி எங்கிருந்து வருகிறது?

முடியில் நரம்பு இல்லை. அதனால்தான் முடி வெட்டும்போது வலிப்பதில்லை. ஆனால் முடி ஊன்றியிருக்கும் மயிர்க்காலைச் சுற்றி நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. முடியை இழுத்தால் அவை தூண்டப்படுகின்றன. 2004ஆம் ஆண்டில் பிளாவ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 93 பெண்களிடம் இதைப்பற்றி விசாரித்தார். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டுவதால் தலைவலி வந்ததுண்டு என்று அவர்களுள் 50 பேர் கூறினர்.

வலியோடு போனால் தாழ்வில்லை. தொடர்ந்த இழுவை மயிர்க்காலையே நலிவடையச் செய்யும். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை உச்சியில் இறுக்கிக் கட்டியதால் நெற்றியோரத்தில் முடி கொட்டியதை ட்ரெபிட்ஷ் என்பவர் 1907இலேயே குறிப்பிட்டுள்ளார். முடியை உச்சியில் இறுக்கி முடிந்து தலைப்பாகை அணியும் சீக்கிய ஆண்களிடமும் இதே நிலை காணப்படுவதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. இதனை 'இழுவை வழுக்கை' எனலாம். தொடக்கத்தில் கவனித்துக் கட்டைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகிவிடும். பிறகு அங்கு முடி முளைக்காது. நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் முடி மெலிவதும், முடியின் அடியில் சிறு கொப்புளங்கள் தோன்றுவதும் எச்சரிக்கை அடையாளங்கள்.

சுவர்ப்பலகையும் கொண்டையும்

சுவரில் அடித்த ஒரு பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். அதன்மேல் வைக்கும் பொருள் சுவரிலிருந்து தள்ளிப் போகப் போக, மேல் ஆணியைப் பிடுங்கும் விசை கூடுகிறது. கொண்டையும் இப்படித்தான். அதன் கீழ் விளிம்பு தலையில் அழுந்துகிறது; மேல் விளிம்பில் உள்ள முடிகள் ஆணிபோல் இழுபடுகின்றன.

250 கிராம் கூந்தலை ரப்பர் பேண்டு போட்டு, உருண்டையாக வெளியே துருத்தி நிற்கும்படி முடிந்தால், அதன் ஈர்ப்பு மையம் தலையிலிருந்து 4 செ.மீ. தள்ளி இருக்கும். அடிப்பாகத்தின் உயரமோ 3 செ.மீ. தான். அப்போது மேல் விளிம்பை இழுக்கும் விசை 250 × 4 ÷ 3, அதாவது 330 கிராமுக்கு மேல். அதே கூந்தலைத் தட்டையாக, 10 செ.மீ. அகலத்தில் தலையோடு ஒட்டினாற்போல் சுற்றினால் ஈர்ப்பு மையம் 2.5 செ.மீ. தொலைவுக்கு வந்துவிடும். இழுவிசை 250 × 2.5 ÷ 10. ஏறத்தாழ 62 கிராம்தான். கூந்தல் ஒன்றே, எடை ஒன்றே. இழுப்பு மட்டும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இது தோராயக் கணக்கே எனினும் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. கனத்த கூந்தலுக்கு உருண்டைக் கொண்டையைவிடத் தட்டைக் கொண்டையே நல்லது.

சுற்றுகளின் வலிமை

கப்பலைத் துறையில் கட்டும்போது வடத்தைத் தூணில் சில சுற்றுகள் சுற்றி, மறுமுனையை ஓர் ஆள் பிடித்துக் கொள்வதுண்டு. கப்பலின் இழுப்பை ஓர் ஆள் தாங்குவது எப்படி? 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லர் இதற்குக் கணக்கு வகுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பு கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.2 எனக் கொண்டால், ஒரு சுற்றில் பிடிப்பு 3½ மடங்கு. இரண்டு சுற்றில் 12 மடங்கு. மூன்று சுற்றில் 43 மடங்கு!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நூலின் நுனியில் சாவிக்கொத்தைக் கட்டுங்கள். கிடையாகப் பிடித்த பென்சிலின் மேல் நூலைச் சும்மா போட்டு மறுமுனையைப் பிடியுங்கள். சாவியின் கனம் கையில் தெரியும். நூலைப் பென்சிலில் மூன்று சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மறுமுனையை இரு விரலால் தொட்டுக் கொண்டிருந்தாலே போதும்.

ஒரு மீட்டர் கூந்தல் கொண்டையில் மூன்று சுற்றுக்குக் குறையாமல் வரும். ஆகவே நுனியைப் பிடித்து வைக்க மிகச் சிறிய விசையே போதும். நம் முன்னோர் வைத்திருந்த குடுமிக்கு ஊசியும் இல்லை, நாடாவும் இல்லை. நுனியை வளையத்துக்குள் செருகிவிட்டால் அது நின்றது. சிதம்பரம் தீட்சிதர்களின் முன்குடுமியில் இதை இன்றும் காணலாம்.

செதிலும் சாம்பலும்

சுற்று வேலை செய்ய உராய்வு வேண்டும். முடியின் மேற்புறத்தில், கூரையில் ஓடு அடுக்கியதுபோல, நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிப் படிந்துள்ளன. ஒற்றை முடியை இரு விரலிடையே வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரக்கும். இச்செதில்களே முடியை முடியோடு பிடித்து வைக்கின்றன. எண்ணெய் இந்தப் பிடிப்பைக் குறைக்கிறது.

இதை நன்கு அறிந்தவர்கள் சமணத் துறவிகள். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். திகம்பரச் சமணத் துறவிகள் கத்தியைத் தொடுவதில்லை. தலைமுடியைக் கையாலேயே பறித்துவிடுவது அவர்களுடைய நோன்பு. அப்போது விரல்களில் சாம்பல் தொட்டுக் கொள்வார்கள். சாம்பல் வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிக் கொள்வதால் முடி விரலில் வழுக்காது. முடியைத் துறப்பவர்க்கும் முடியைப் பேணுபவர்க்கும் உராய்வின் விதி ஒன்றுதான்.

அதற்காக எண்ணெயை விட்டுவிட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. இரவில் அளவாகத் தடவிக் கொண்டால் காலைக்குள் ஊறிவிடும். எண்ணெய் தடவிய உடனே கொண்டை போட்டால்தான் அது வழுக்கும், வழுக்குவதால் இறுக்குவோம், இறுக்குவதால் வலிக்கும்.

குச்சி, ஊசி, சீப்பு

ரப்பர் பேண்டு முழுச் சுமையையும் ஒரு சிறு வளையத்தில் குவிக்கிறது. கழற்றும்போது முடியையும் அறுக்கிறது. இதைவிடச் சிறந்தவை குச்சியும் ஊசியும்.

மரக்குச்சி ஒரு நெம்புகோல். அதன் நடுப்பகுதி கொண்டைக்கு அடியில், தலையோடு ஒட்டிய முடிக்குள் செல்கிறது. இரு முனைகளும் வெளிச்சுற்றின் மேல் ஏறி அதை அமுக்குகின்றன. முறுக்கிய கூந்தல் பிரிய முயலும்போது குச்சியையே அழுத்துகிறது. அதனால் பிடிப்பு கூடுகிறது.

இரு கால்களுடன் வளைந்த கொண்டை ஊசி நமக்குப் பழக்கமானதே. கொல்லிமலைச் சாலையின் 70 வளைவுகளுக்கும் அதன் பெயரையே வைத்திருக்கிறோம். கால்கள் நெளிநெளியாக உள்ள ஊசி, நேரான ஊசியைவிட நன்றாகப் பிடிக்கும். உராயும் பரப்பும் வளைவும் அதில் மிகுதி.

இலங்கையின் கரையோரச் சிங்கள ஆண்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டை முடிந்து, வளைந்த ஆமையோட்டுச் சீப்பு அணிந்தார்கள். சீப்பின் பல பற்கள் முடியின்மேல் விழும் விசையைப் பகிர்ந்து கொள்கின்றன.

முடியும் முறை

1. நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கு எடுக்கவும்.

2. கூந்தலைப் பின்னந்தலையில் தளர்வாகச் சேர்க்கவும். முன் முடியை வலித்து இழுக்க வேண்டாம்.

3. இலேசாக முறுக்கவும். கூந்தல் தானே வளையத் தொடங்கியதும் முறுக்குவதை நிறுத்தவும்.

4. பாய் சுருட்டினால் விளிம்பில் தெரியுமே, அதுபோல ஒரு சுற்றுக்கு வெளியே அடுத்த சுற்று வரும்படி தட்டையாகச் சுற்றவும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற வேண்டாம். நுனியை அடியில் செருகவும்.

5. குச்சி என்றால், வெளிச்சுற்றின் மேலிருந்து உள்ளே நுழைத்து, தலையோடு ஒட்டிய முடியைச் சிறிது சேர்த்துக் கொண்டு, அடியில் தள்ளி, எதிர்ப்புறம் வெளிச்சுற்றின் மேல் வரும்படி எடுக்கவும். கூடை முடைவது போன்ற வேலை இது. முனை மழுங்கலாகவும் சிலாம்பு இல்லாமலும் இருக்க வேண்டும்.

6. ஊசி என்றால், கடிகாரத்தின் 12, 3, 6, 9 எண்கள் இருக்கும் இடங்களில் நான்கு போதும். வெளிச்சுற்றின் சில முடிகளைக் கோத்து, தலைமுடியையும் சிறிது பற்றி, பிறகு ஊசியைத் திருப்பிக் கொண்டையின் நடுவை நோக்கித் தள்ளவும். ஊசி தலைக்கு இணையாகச் செல்ல வேண்டும். தோலைக் குத்தக் கூடாது.

7. புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபட்டால் விரல்நுனியால் முடியைச் சற்றுத் தளர்த்துங்கள். தலையை ஆட்டிப் பாருங்கள். கொண்டை அசைந்தால் இறுக்க வேண்டாம். இன்னும் ஓர் ஊசி சேருங்கள்.

மிகக் கனத்த கூந்தலை இரண்டாகப் பிரித்து இரட்டைச் சடை பின்னி, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுற்றிச் செருகலாம். பாதிச் சுமை ஒருபுறம், பாதி மறுபுறம் எனப் பிரிந்துவிடும்.

இன்னும் சில

ஈர முடி எளிதில் நீளும், எளிதில் அறும். எடையும் அதிகம். ஆகவே காய்ந்த பிறகே கொண்டை போட வேண்டும். நாள்தோறும் ஒரே இடத்தில் முடியாமல், ஒரு நாள் சற்று மேலே, ஒரு நாள் பிடரியில் என மாற்றினால் அதே மயிர்க்கால்கள் தொடர்ந்து இழுபடா. இரவில் தளர்ந்த பின்னலே போதும்.

வேலையிடத்தில் கொண்டை அழகுக்கு மட்டும் உரியதன்று. திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. கடலை உடைக்கும் இயந்திரத்தின் பட்டையோ, பம்பு செட்டின் சுழல் தண்டோ தொங்கும் சடையை ஒரு நொடியில் இழுத்துவிடும். பிரேசிலின் அமேசான் ஆற்றுப் படகுகளில் மூடப்படாத சுழல் தண்டில் கூந்தல் சிக்கித் தலைத்தோலையே இழந்த பெண்களும் சிறுமிகளும் பலர். அத்தண்டுகளை மூடி வைப்பதைக் கட்டாயமாக்கி 2009இல் அந்நாடு சட்டம் இயற்றியது. இயந்திரத்தின் அருகே வேலை செய்வோர் கொண்டை போட்டு, அதன்மேல் துணியும் கட்டிக் கொள்வதே பாதுகாப்பு.

பள்ளிக்குச் செல்லும் சிறுமி 'வலிக்குதும்மா' என்றால், 'அசையாதே' என்று சொல்லி இன்னும் இறுக்குவது பல வீடுகளில் வழக்கம். அவள் சொல்வது மயிர்க்கால் தரும் செய்தி. கையைச் சற்றுத் தளர்த்தி, ஒரு சுற்றுக் கூட்டிப் பாருங்கள். கொண்டையும் நிற்கும், கூந்தலும் நிற்கும்.