“மெடிக்கல் கொடுத்தால் சரி” என்ற நினைப்பும் 80 வீத வரவும்

பல்கலைக்கழகம் என்றால் விரும்பிய நேரம் போகலாம், வரலாம் என்ற எண்ணம் நமதூர்களில் இன்னும் இருக்கிறது. பாடசாலையில் வரவு இடாப்போடு நிற்கும் என்னிடமே சில பெற்றோர், “பிள்ளை இப்ப கெம்பஸ்லதானே சேர், மெடிக்கல் ஒன்டு குடுத்தா சரிதானே” என்பார்கள். சாச்சியின் மகளுக்குக் கல்யாணம், மாமா உம்றா போகிறார், வீடு குடிபுகுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து மெடிக்கல்!

விடயம் அப்படியல்ல. நமது பல்கலைக்கழகங்களில் பொதுவாக ஒரு பாடத்தின் செமஸ்டர் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற, அந்தப் பாடத்தில் 80 வீத வரவு இருக்க வேண்டும். மொத்த வரவு அல்ல, பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 15 வாரச் செமஸ்டரில் ஒரு பாடம் வியாழக்கிழமை மட்டும் 3 மணித்தியாலம் நடக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 45 மணித்தியாலம். அதில் 36 இருந்தாக வேண்டும். விடக்கூடியது 9 மணித்தியாலம், அதாவது மூன்றே மூன்று வியாழக்கிழமைகள். அந்த மூன்றையும் கல்யாண வீடுகளுக்குக் கொடுத்துவிட்டால், நாலாவது வியாழன் டெங்குக் காய்ச்சல் வந்து படுக்கும் பிள்ளைக்கு இடமே இல்லை. 20 வீதம் என்பது விடுமுறைச் சலுகையல்ல. நோய்க்கும் ஜனாஸாவுக்கும் என்று எடுத்துவைக்க வேண்டிய கையிருப்பு.

பேராதனையிலோ கொழும்பிலோ படிக்கும் பிள்ளையை நாம் இப்படி அடிக்கடி கூப்பிடுவதில்லை, இரவு பஸ் தூரம் தடுக்கிறது. ஒலுவிலுக்குக் கல்முனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் தினமும் போய்வரும் பிள்ளைகளுக்குத்தான் வீடு பக்கத்தில் இருப்பதே வினையாகிறது. அதிலும் பெண் பிள்ளைகளுக்கு. ஆண் பிள்ளைக்குப் “பாடம் இருக்கு” என்றால் விட்டுவிடும் வீடு, மகளிடம் “ஒரு நாள்தானே” என்கிறது.

மெடிக்கல் பெரிதும் கைகொடுப்பது பரீட்சைக்குத்தான். பரீட்சை நாளில் நோயுற்றவர் குறித்த நாட்களுக்குள் பீடத்துக்கு அறிவித்து, சான்றிதழும் ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும். ஏற்கப்படாவிட்டால் அது ‘ரிப்பீட்’. அதில் எவ்வளவு திறமையாக எழுதினாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது, வகுப்புச் சித்தியும் கைநழுவலாம். விரிவுரை வரவுக்கு மெடிக்கலை எந்தளவு கவனத்தில் எடுப்பார்கள் என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும். ஆகவே சீனியர் சொன்னதை நம்பாமல், மாணவர் கைநூலை முதல் வாரத்திலேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

சுகமாக இருக்கும் பிள்ளைக்குக் காசு கொடுத்து எடுக்கும் மெடிக்கல் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பொய்ச் சாட்சியம் என்னவென்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட தாள்கள் குவியும்போது, உண்மையாகவே வாட்டில் கிடந்து வந்த பிள்ளையின் தாளையும் சந்தேகத்தோடு புரட்டுகிறார்கள்.

விதி எங்கும் நியாயமாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கும் காலத்தில் தாயாகும் மாணவியை 80 வீதத்துக்குள் அடக்கப் பார்ப்பது கடினமானது. வெள்ளமும் அப்படித்தான். 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்கள் மௌத்தானதை நாம் மறக்க முடியாது. சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்துக்குக் கரையோரத்துப் பிள்ளைகள் போவதும் அந்த வீதியால்தான். அப்படியான நாட்களில் விரிவுரையை நிறுத்துவது பீடத்தின் பொறுப்பு. மாணவர் ஒன்றியம் மாரிக்கு முன்பே இதைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

அறிவித்தல் வராவிட்டாலும் வீதியில் தண்ணீர் ஏறினால் பிள்ளை வீட்டில் நிற்கட்டும். அன்றைக்கே பீட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், தண்ணீர் வடிந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம். இரண்டையும் ஃபைலில் போட்டு வைக்கட்டும்.