வளைகாப்பும் நோய்க்காப்பும்

ஃபேரர் பார்க்கிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் கேகே மருத்துவமனை வந்துவிடும். நம்மில் எத்தனையோ பேருக்கு அதுதான் பிறந்த இடம். 1924ஆம் ஆண்டு மகப்பேற்று மருத்துவமனையான அங்கே, 1966இல் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தனர். 1997இல் அருகிலேயே புதிய கட்டடத்திற்கு அது மாறியது.

கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் தடுப்பூசி என்றதும், வீட்டிலுள்ள பெரியவர்கள் தயங்குவதுண்டு. "வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா?" என்பார்கள். அந்தக் கவலை அன்பினால் எழுவது. எனவே அதற்குத் தெளிவான விடை சொல்லவேண்டியது நம் கடமை.

கக்குவான் இருமலை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு அது பல வாரம் தொல்லை தரும் இருமல். பச்சிளங் குழந்தைக்கோ மூச்சு நின்றுபோகும் அபாயம். குழந்தைக்கு இந்நோய்க்கான முதல் ஊசி 2 மாதத்தில்தான் போடப்படுகிறது. அதுவரை காப்பது யார்? தாய்தான். அவள் ஊசி போட்டுக்கொண்டால், இரண்டு வாரத்திற்குள் அவள் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் பெருகுகின்றன. அவை நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைகின்றன. அவை நாளடைவில் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் ஊசி தேவை.

சிங்கப்பூரில் 16ஆம் வாரத்திலிருந்து 32ஆம் வாரத்திற்குள் இதைப் போட்டுக்கொள்ளப் பரிந்துரைக்கிறார்கள். ஏழாம் மாத வளைகாப்பும் அக்காலத்தில்தானே வருகிறது! கக்குவான் இருமல், ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய மூன்றிற்கும் இது ஒரே ஊசி. சளிக்காய்ச்சல் தடுப்பூசியை எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த ஊசி போட இயலாது. அங்கும் தாயின் காப்பே துணை.

இவை பாதுகாப்பானவையா? இவற்றில் உயிருள்ள கிருமி இல்லை; ஆகவே தாய்க்கோ சேய்க்கோ இவற்றால் அந்நோய் வராது. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு கக்குவான் இருமலால் 14 கைக்குழந்தைகள் இறந்தன. அவ்வாண்டே கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கினர். ஊசி போட்டுக்கொண்ட 20,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, குழந்தை இறந்து பிறப்பது கூடவில்லை என்று தெரிந்தது. இந்தியாவிலும் கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். தூய்மையான பிரசவத்தோடு அதுவும் சேர்ந்ததால், பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்த அந்நோய், 2015இல் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டது. கை வலி, களைப்பு, லேசான காய்ச்சல் ஆகியவை வரலாம். ஓரிரு நாளில் தணியும்.

ஆனால் எல்லா ஊசியும் ஒன்றல்ல. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றிற்கும் போடும் ஊசியிலும், சின்னம்மை ஊசியிலும் வலுவிழந்த உயிர்க்கிருமிகள் உள்ளன. கர்ப்பத்தில் இவற்றைப் போடுவதில்லை. ருபெல்லா நோய் தாய்க்குக் கண்டால் குழந்தையின் கண் பாதிக்கப்படும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். ஆகவே அந்த ஊசியைக் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தவறியவர்கள் பிரசவத்திற்குப் பின் போடலாம்.

முன்பு ஏதேனும் ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐயத்தை அவர்களே கேட்டுத் தெளியட்டும். வளையல் பூட்டும் கைக்கு நோய்க்காப்பும் சேர்ந்தால், பிறக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல சீர் வேறென்ன?