கண்காணிப்புக் கேமரா: பொருத்தினால் போதுமா?

திருட்டு நடந்த மறுநாள் பதிவைத் தேடும்போதுதான், ஹார்ட் டிஸ்க் என்றோ பழுதாகிவிட்டது தெரியவருகிறது. திரையில் நேரடிக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. கடை நடத்தும் வாடிக்கையாளர்கள் சிலர் இவ்வாறு வருந்தக் கேட்டிருக்கிறோம். காட்சி தெரிவது வேறு. அது பதிவாவது வேறு. காவல்துறையும் காப்பீட்டு நிறுவனமும் கேட்பது பதிவைத்தான்.

பொருத்தும் இடம்

வாயில் வெளிச்சத்தை நேரே பார்க்கும்படி கேமராவை வைத்தால், உள்ளே வருபவரின் முகம் கறுத்துவிடும். சற்றுப் பக்கவாட்டில், 7 அல்லது 8 அடி உயரத்தில் வைப்பது நன்று. மிக உயரத்தில் வைத்தால் தலையின் உச்சியே தெரியும். கல்லாவுக்குத் தனிக் கேமரா வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் தம் கார்டின் ரகசிய எண்ணை அழுத்துவது அதில் பதிவாகக் கூடாது. பதிவுக் கருவியைக் கல்லாவின் அருகில் வைக்காமல், வேறிடத்தில் பூட்டி வைப்போம். திருடர்கள் அதையும் எடுத்துச் செல்வதுண்டு.

எத்தனை நாள் பதிவு?

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அளவில் இடைவிடாது பதிவு செய்தால், நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி ஆகும். 4 கேமராக்கள் இருந்தால் 1 டிபி டிஸ்க் 6 நாள்களுக்குள் நிரம்பி, பழைய பதிவு அழியத் தொடங்கும். மாதக் கடைசியில் இருப்பெடுக்கும்போது சரக்குக் குறைவைக் காண்பவருக்கு அது பயன்படாது. 30 நாள் பதிவுக்கு 6 டிபி தேவை. எங்கள் வங்கி போன்றவை, பெட்டக அறையின் நுழைவாயில் பதிவுகளைக் குறைந்தது 180 நாள்கள் காக்க வேண்டும் என்பது 2021இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. இழப்பு தாமதமாக வெளிப்படக்கூடிய இடத்தில் பதிவும் நெடுநாள் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை

முதலில், சில நாள்களுக்கு முந்தைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, கருவியின் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட வேண்டும். யுபிஐ பரிவர்த்தனை குறித்துத் தகராறு எழுந்தால், 10 நிமிட வேறுபாடும் குழப்பம் தரும். மூன்றாவதாக, கேமராவின் முன் படியும் தூசியையும் சிலந்தி வலையையும் துடைக்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டுத் திரும்பி, காட்சி வெளுத்துவிடும்.

பொருத்தும்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது இன்றியமையாதது. மின்தடையின்போதும் இயங்க, பதிவுக் கருவிக்கும் கேமராக்களுக்கும் யுபிஎஸ் இணைப்புத் தருவது நன்று.

அசம்பாவிதம் நேர்ந்தால்

பதிவு அழியும் முன் உடனே நகலெடுத்துக்கொண்டு, மூலக் கருவியை அப்படியே பாதுகாக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதீய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க உரிய சான்றிதழும் தேவை. ஆகவே காவல்துறையின் வழிகாட்டுதலுடன் நகலெடுப்பது உசிதம்.

இன்று கடையைச் சாத்துமுன், கடந்த வாரத்தின் ஏதேனும் ஒரு நாள் பதிவை ஓட்டிப் பார்ப்போம். அது ஓடினால்தான் நம் கேமரா வேலை செய்கிறது என்று பொருள்.